நாலு தாலரும் பதினாறு குரோசனும்: ஹாலே நகரத்துப் பிராங்கேயின் வாழ்க்கை

ஜேர்மனியின் கிழக்குப் பகுதியில், சாலே நதிக்கரையில் அமைந்துள்ள ஹாலே நகரத்தை நம்மவரிற் பலர் புகையிரதம் மாறும் ஒரு நிலையமாகவே அறிவர். நிலையத்தை விட்டு வெளியே வந்து, பழைய நகரின் தென்புறமாகச் சற்று நேரம் நடப்போர், மேம்பாலப் பெருந்தெரு ஒன்றின் அருகே நெடிய கட்டடம் ஒன்றைக் காண்பர். அதன் முகப்பின் உச்சியிலே இரண்டு கழுகுகள் கதிரவனை நோக்கிப் பறக்கும் காட்சி அமைக்கப்பட்டிருக்கிறது. அநாதைச் சிறுவர்களுக்கென 1698-ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பட்ட மனை அது. அதன் பின்னால் நீண்ட முற்றமும், முற்றத்தின் ஓரமாகப் பள்ளிகளும் விடுதிகளுமாக ஒரு சிறு பட்டணமே விரிந்து கிடக்கிறது. நூறு மீற்றருக்கும் அதிகமான நீளமுடைய மரச்சட்ட வீடு ஒன்றும் அங்கே உண்டு.

இவற்றை எழுப்பியவர் அரசருமல்லர், செல்வந்தருமல்லர். முன்பு பணிசெய்த ஊரிலிருந்து துரத்தப்பட்டு, நகர மதிலுக்கு வெளியே இருந்த வறிய பங்கொன்றுக்கு வந்து சேர்ந்த ஒரு குருவானவர். ஆகுஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்பது அவர் பெயர். தரங்கம்பாடி, சீகன்பால்க், தமிழ் அச்சுக்கலை என்று பேச்செழும்போது இப்பெயர் ஓரிடத்தில் அடிபடும், அத்துடன் விட்டுவிடுவோம். அவரது வாழ்க்கையைச் சற்று விரிவாக நோக்குவது, கிறிஸ்தவர்களாகிய வாசகர்களுக்கு மட்டுமன்றி ஏனையோருக்கும் பயனுடையது என எண்ணியே இதனை எழுதுகிறோம்.

புலம்பெயர்ந்து வாழும் நம்மிடையே அடிக்கடி வழங்கும் சொற்றொடர் ஒன்றுண்டு. பிறகு பார்ப்போம் என்பதே அது. விசா கிடைத்த பிறகு மொழி படிப்போம், மேன்முறையீட்டின் முடிவு வந்த பிறகு தொழில் பழகுவோம், கடன் தீர்ந்த பிறகு பிள்ளைகளோடு இருப்போம், ஊருக்குப் போன பிறகு வாழத் தொடங்குவோம் என்று ஆண்டுகளைத் தள்ளிவைத்தவர்கள் நாம். இதில் நம்மைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. வேலை செய்ய அனுமதியின்றி முகாம் அறையொன்றில் நால்வரோடு படுத்துறங்கும் ஒருவர் வேறு என்னதான் செய்வார்? ஆயினும் காத்திருப்பு ஒரு பழக்கமாகிவிடுகிறது என்பதையும், காகிதம் கையில் வந்த பின்னரும் அப்பழக்கம் விட்டகல்வதில்லை என்பதையும் நாம் கண்டிருக்கிறோம்.

மறுமையை நம்புவோர் மீதும் இதையொத்த குற்றச்சாட்டொன்று நெடுங்காலமாகச் சுமத்தப்பட்டு வருகிறது. நித்திய வாழ்வு வரப்போகிறது என்று எண்ணுபவன் இவ்வுலகைக் காத்திருப்பு மண்டபமாகக் கருதிக் கைகட்டி இருந்துவிடுவான் என்பர். பிராங்கே நித்திய வாழ்வைச் சற்றும் ஐயமின்றி நம்பியவர். அந்த நம்பிக்கை அவரைக் கைகட்டி இருக்க விடவில்லை. அதனால் விளைந்த பெருநன்மைகளையும், மறைப்பதற்கில்லாத சில தீங்குகளையும் இனிக் காண்போம்.

ஐயமும் தெளிவும்

பிராங்கே 1663-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 22-ஆம் நாள் வடஜேர்மனியின் துறைமுக நகராகிய லூபெக்கில் பிறந்தார். முப்பதாண்டுப் போர் முடிந்து அப்போது பதினைந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. ஊர்கள் எரிந்தும், வயல்கள் தரிசாகியும், குடும்பங்கள் சிதறியும் கிடந்த நாடு அது. போரின் பின் பிறந்த பிள்ளைகள் எத்தகைய வீடுகளில் வளர்கிறார்கள் என்பதை நமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தந்தையார் சட்ட வல்லுநர். 1666 இல் கோத்தா நாட்டுக் கோமகன் ஏர்ண்ஸ்டின் பணியில் அமர்ந்தார். குடிமக்களின் பிள்ளைகள் யாவரும் பள்ளி செல்ல வேண்டுமென்று அக்காலத்திலேயே சட்டம் வகுத்தவர் அக்கோமகன். 1670 இல் தந்தையார் இறந்தபோது சிறுவனுக்கு ஏழு வயது.

எர்பூர்ட், கீல், ஹம்பேர்க், லைப்சிக் என்று பல ஊர்களில் அவர் பயின்றார். எபிரேய மொழியிலும் கிரேக்க மொழியிலும் தேர்ந்தார். 1686 இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் நண்பர் பவுல் அன்டனோடு சேர்ந்து வேதாகமத்தை மூலமொழிகளில் ஆராயும் கழகமொன்றைத் தொடங்கினார். வெளிப்பார்வைக்கு வளர்ந்து வரும் ஓர் அறிஞர், உள்ளே வெறுமை.

1687 இல் லூனபேர்க் நகரில் தங்கியிருந்தபோது மறையுரை ஆற்றுமாறு அவரிடம் கேட்டார்கள். யோவான் நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்து முப்பத்தோராம் வசனத்தை அவர் தெரிந்துகொண்டார். விசுவாசத்தால் வாழ்வு அடைவதைப் பற்றிய வசனம் அது. உரையை ஆயத்தம் செய்ய அமர்ந்தவருக்கு, தாம் பேசப்போகும் விசுவாசம் தம்மிடமே இல்லை என்பது திடீரெனப் புலப்பட்டது. வேதாகமம் உண்மையா, கடவுள் உண்டா என்பதுவரை ஐயம் பெருகியது. இருபத்து நான்கு வயதுடைய அந்த இளைஞர், இருக்கிறாரோ இல்லையோ என்று தெரியாத ஒருவரை நோக்கி முழந்தாளிட்டு மன்றாடினார். எழுந்தபோது ஐயம் அகன்றிருந்தது என்று அவரே பிற்காலத்தில் எழுதிவைத்தார். இவ்வனுபவத்தை ஏற்பதும் ஏற்காததும் வாசகரின் உரிமை. ஆனால் அதன் பின் நாற்பதாண்டுகள் அவர் செய்தவை யாவும் அந்த இரவிலிருந்தே புறப்பட்டன என்பதை மறுக்கவியலாது.

நாற்பத்தெட்டு மணிநேரம்

லைப்சிக்குக்குத் திரும்பிய பிராங்கேயின் வேத வகுப்புகளுக்கு மாணவர்கள் திரண்டனர். நகரத்துச் சாதாரண மக்களும் வீடுகளிற் கூடி வேதாகமம் வாசிக்கத் தொடங்கினர். பிலிப் யாக்கோப் ஸ்பேனர் என்ற குருவானவர் ஏற்கெனவே தொடங்கிவைத்த இந்த உள்ளார்ந்த பக்தி இயக்கத்தைப் பகைவர் கேலியாகப் பியற்றிசம் என்றனர், கேலிப்பெயரே நிலைத்துவிட்டது. பேராசிரியர் சிலரும் திருச்சபைத் தலைவர்களும் சினந்தனர், விசாரணைகள் நடந்தன, கூட்டங்கள் தடைசெய்யப்பட்டன. அவர் 1690 இல் எர்பூர்ட் நகருக்குப் பணிக்குச் சென்றார். அங்கும் அதே கதை. 1691 செப்டெம்பர் 27 இல், நாற்பத்தெட்டு மணிநேரத்துக்குள் நகரை விட்டு வெளியேறும்படி அவருக்கு உத்தரவு பிறந்தது.

இந்த நாற்பத்தெட்டு மணிநேரத்தை வாசகர்கள் நினைவில் வைத்திருக்குமாறு வேண்டுகிறோம். பின்னர் இன்னொரு முறை அது வரும்.

அவருக்கு அடைக்கலம் தந்தது பிராண்டன்பேர்க் அரசு. அவ்வரசின் போக்கு நாம் அறிந்துகொள்ளத்தக்கது. போரினாலும் நோயினாலும் குடிகளை இழந்திருந்த அந்நாடு, பிரான்சில் மதத்தின் பேரால் துன்புறுத்தப்பட்ட ஊகெனோக்களை 1685-ஆம் ஆண்டின் பொட்ஸ்டாம் ஆணையினால் வரவேற்றுக் குடியேற்றியது. நிலமும் வரிவிலக்கும் சொந்த மொழியில் வழிபடும் உரிமையும் அவர்களுக்கு வழங்கப்பட்டன. ஹாலே நகரிலும் அவ்வகதிகள் குடியேறினர். இரக்கம் ஒருபுறம், தேவை ஒருபுறம். இரண்டும் கலந்ததே அந்த வரவேற்பு. இன்றும் பெரும்பாலும் அப்படித்தானே.

பேர்லினிலிருந்த ஸ்பேனரின் பரிந்துரையால், ஹாலேயில் அமையவிருந்த புதிய பல்கலைக்கழகத்தில் கிரேக்கத்துக்கும் கீழைத்தேய மொழிகளுக்கும் பேராசிரியராகப் பிராங்கே நியமனம் பெற்றார். பல்கலைக்கழகம் முறைப்படி 1694 இல்தான் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் அப்பதவியை நம்பிச் சீவிக்க முடியாது. எனவே நகர மதிலுக்கு வெளியே இருந்த கிளௌஹா என்னும் சிற்றூரின் புனித ஜோர்ஜ் ஆலயப் பங்கும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1692 ஜனவரியில் அவர் அங்கு வந்து சேர்ந்தார்.

உண்டியலில் விழுந்த பணம்

கிளௌஹாவைப் பத்தாண்டுகளுக்கு முன்னர் கொள்ளைநோய் சூறையாடியிருந்தது. எஞ்சியோரிடம் வறுமையும் குடியும் மிஞ்சியிருந்தன. ஏறத்தாழ 200 வீடுகள் இருந்த ஊரில் 37 வீடுகள் தவறணைகள் என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம்.

வியாழக்கிழமை தோறும் பிச்சை கேட்டு வருவோருக்கு அவரது வாசலில் பாண் கொடுப்பது வழக்கம். ஒரு நாள் அவர்களை உள்ளே அழைத்துப் பிள்ளைகளிடம் சில கேள்விகள் கேட்டார். அவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. எழுத்தும் தெரியவில்லை, இறைவனையும் தெரியவில்லை. பள்ளிக் கட்டணத்தைத் தாமே கொடுத்துப் பார்த்தார். பெற்றோர் அதை உணவுக்குச் செலவிட்டனர். (அவர்கள் மீது பிராங்கே கோபித்தார், நாம் கோபிக்க மாட்டோம்.) பின்னர் தமது வீட்டில் உண்டியலொன்றை வைத்தார். 1695-ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறுக் காலத்தில் ஒரு பெண்மணி அதில் நாலு தாலரும் பதினாறு குரோசனும் இட்டுச் சென்றார். இருபத்து நான்கு குரோசன் கொண்டது ஒரு தாலர். ஒரு வீட்டுக்கு அது உதவும் தொகை. ஒரு நிறுவனத்துக்கு அது காசே அல்ல.

பிராங்கே அதனைச் சிறு தொகையாகக் கருதவில்லை. இது நல்ல மூலதனம், இதைக்கொண்டு உருப்படியாக ஒன்று செய்ய வேண்டும், வறிய பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்குகிறேன் என்று அன்றே முடிவுசெய்தார். இரண்டு தாலருக்குப் புத்தகங்கள் வாங்கப்பட்டன. நாளொன்றுக்கு இரண்டு மணிநேரம் கற்பிக்க ஓர் ஏழை மாணவர், கிழமைக்கு ஆறு குரோசன் சம்பளத்தில் அமர்த்தப்பட்டார். வகுப்பறை? பிராங்கேயின் படிப்பறைக்கு முன்னிருந்த இடமே வகுப்பறை. 27 புத்தகங்களை மகிழ்ச்சியோடு வாங்கிச் சென்ற பிள்ளைகளில் நால்வரே அவற்றைத் திருப்பிக் கொண்டுவந்தனர். மற்றவை விற்கப்பட்டனவோ என்னவோ, திரும்பவே இல்லை. அவர் மீதிப் பணத்தில் மேலும் புத்தகம் வாங்கினார். இம்முறை வகுப்பு முடிந்ததும் அவை அறையிலேயே வைக்கப்பட்டன.

வாடகை மண்டபத்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்திப் பார்த்த நமது ஆசிரியர்களுக்கு இந்த இடம் நன்கு விளங்கும். பிள்ளைகள் வரமாட்டார்கள், வந்தால் புத்தகம் வராது, புத்தகம் வந்தால் மண்டபச் சாவி வராது. இருந்தும் வகுப்பு நடக்கும்.

அந்தக் கோடையிலேயே நகரத்துக் குடிமக்கள் கிழமைக்கு ஒரு குரோசன் கட்டணம் செலுத்தித் தம் பிள்ளைகளையும் அனுப்பினர். அதே ஆண்டில் நண்பரொருவர் 500 தாலர் தந்தார். அதன் வட்டியில் ஓர் அநாதைக் குழந்தையை வளர்க்கலாம் என்று பிராங்கே கணக்கிட்டார். ஆனால் வந்து நின்றவர்கள் தாய் தந்தையற்ற நான்கு உடன்பிறப்புகள். எவரைத் தெரிவது, எவரைத் திருப்பியனுப்புவது? நால்வரையும் ஏற்றுக்கொண்டார். ஆண்டு முடிவதற்குள் அத்தொகை ஒன்பதாயிற்று. 1697 இல் கெயோர்க் ஹைன்றிஷ் நொய்பவர் என்ற மாணவர், அநாதை இல்லங்கள் எவ்வாறு கட்டி நடத்தப்படுகின்றன என்பதை அறிந்துவர ஒல்லாந்துக்கு அனுப்பப்பட்டார். ஊர் எல்லையில் பொற்கழுகு என்னும் பெயருடன் விளங்கிய சத்திரம் விலைக்கு வாங்கப்பட்டது. 1698 ஜூலை 13 இல் அடிக்கல் நாட்டப்பட்டபோது, கட்டடம் முழுவதற்கும் வேண்டிய பணம் கையில் இருக்கவில்லை. சனிக்கிழமை கூலி கொடுக்க வேண்டும், வெள்ளிக்கிழமை பெட்டி வெறுமை என்ற நிலை பலமுறை வந்தது. கடைசி நேரத்தில் எங்கிருந்தோ பணம் வந்ததும் உண்டு. அவற்றையெல்லாம் அவர் நூலாக எழுதி வெளியிட்டார். 1705 இல் அது ஆங்கிலத்திலும் வந்தது. பல நாடுகளில் நன்கொடை திரட்டவும் அந்நூல் உதவிற்று என்பதையும் சொல்ல வேண்டும். அவர் மன்றாடத் தெரிந்தவர், விளம்பரமும் தெரிந்தவர்.

நன்கொடையை மட்டும் அவர் நம்பியிருக்கவில்லை. ஹைன்றிஷ் யூலியுஸ் ஏலர்ஸ் என்ற மாணவர், பிராங்கேயின் அச்சிட்ட மறையுரையொன்றைச் சந்தையில் விற்கத் தொடங்கி, அதையே பெரும் புத்தக வாணிபமாக வளர்த்தார். கிறிஸ்டியான் பிறீட்றிஷ் ரிஷ்டர் என்ற மருத்துவர் தயாரித்த மருந்துகள் ரஷ்யா வரையிலும், கடல் கடந்து அமெரிக்கா வரையிலும் விலைபோயின. 1710 இல் கான்ஸ்டைன் பிரபு நிறுவிய வேதாகம அச்சகம், பக்கங்களைக் கோத்த எழுத்துகளைக் கலைக்காமல் அப்படியே வைத்திருந்து மீண்டும் மீண்டும் அச்சிடும் முறையைக் கையாண்டது. அதனால் வேதாகமத்தின் விலை ஏழைக்கும் எட்டுமளவுக்கு இறங்கிற்று. வறிய பல்கலைக்கழக மாணவர்களுக்கு அநாதை இல்லத்தில் இலவச உணவு. அதற்கு ஈடாக அவர்கள் பள்ளிகளில் நாளுக்கு இரண்டு மணிநேரம் கற்பிக்க வேண்டும். மாணவரின் பசியும் தீர்ந்தது, ஆசிரியர் பஞ்சமும் தீர்ந்தது.

மறுமை நம்பிக்கையும் இன்றைய வேலையும்

இத்தனைக்கும் அடியில் இருந்த எண்ணம் எது? பிராங்கே லூத்தரன் சமயத்தவர். நற்செயல்களைக் கொடுத்து விண்ணகத்தை விலைக்கு வாங்கலாம் என்று அவர் ஒருபோதும் போதிக்கவில்லை. இறைவனின் இரக்கத்தாலேயே மனிதன் மீட்படைகிறான் என்பதே அவரது விசுவாசம். ஆனால் மீட்படைந்தவனின் நாட்கள் அவனுடையவை அல்ல; அவை கணக்குக் கேட்கப்படும் பொருள். அத்தோடு, வாசலில் நிற்கும் அழுக்குச் சட்டைச் சிறுவன் என்றும் அழியாத ஓர் உயிர். அரசுகள் அழியும், பல்கலைக்கழகங்கள் அழியும், அச்சிறுவன் அழியமாட்டான். அவனுக்காகச் செலவிடும் இரண்டு மணிநேரம், எனவே, இவ்வுலகில் வேறெதிலும் செலவிடும் நேரத்தை விடப் பெறுமதி மிக்கது. இவ்வாறு கணக்கிடுபவருக்கு நாலு தாலர் பதினாறு குரோசன் சிறு தொகையாகத் தோன்றாதது வியப்பன்று.

இன்னொன்றும் உண்டு. அவரது நம்பிக்கை சாவுக்குப் பின்னுள்ள வாழ்வோடு நின்றுவிடவில்லை. திருச்சபைக்கும் உலகுக்கும் நல்ல காலம் வருமென்ற எதிர்பார்ப்பை ஸ்பேனரிடமிருந்து அவர் பெற்றிருந்தார். 1704 இல் எழுதிய நீண்ட திட்ட அறிக்கையொன்றில், ஹாலேயின் பள்ளிகளிலிருந்து ஜேர்மனியும், ஐரோப்பாவும், உலகமே திருந்துவதற்கான வழியை வரைந்தார். சத்திரம் வாங்கவே சல்லிக்கணக்கு எண்ணிய ஒருவரின் திட்டம் அது!

ஆயினும் இந்த நாணயத்துக்கு மறுபக்கமும் இருந்தது. ஒவ்வொரு நிமிடத்துக்கும் கணக்குச் சொல்ல வேண்டுமென்று கருதியவர் பிள்ளைகளுக்கும் அதே கணக்கை விதித்தார். அவரது பள்ளிகளில் விளையாட்டுக்கு இடமில்லை. ஓய்வு வேளையில் மரம் கடைதல், கண்ணாடி தேய்த்தல், தோட்டவேலை, பட்டறைகளைப் பார்வையிடுதல் ஆகியவையே உண்டு. பயனுள்ள கல்வி என்று பிற்காலத்தார் இதைப் பாராட்டினர். தொழிற்கல்வி, ஆசிரியர் பயிற்சி ஆகியவற்றில் அவர் முன்னோடி என்பதும் உண்மையே. ஆனால் ஓடி விளையாடாத பிள்ளை, அது எந்த நித்தியத்தின் பேரிலாயினும், எமக்கு மனவருத்தத்தையே தருகிறது.

தமிழுக்கு வந்த எழுத்து

ஹாலேயிற் சிறிது காலம் பயின்ற பார்த்தலோமேயு சீகன்பால்க், டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக்கின் அனுப்புதலில், ஹைன்றிஷ் புளூட்சாவ் என்பவருடன் 1706 ஜூலை 9 இல் தரங்கம்பாடியை அடைந்தார். மன்னரின் பணியாயினும், ஆட்களையும் பணத்தையும் மருந்தையும் அனுப்பியது பெரும்பாலும் பிராங்கேயின் ஹாலேதான். தரங்கம்பாடியிலிருந்து சென்ற மாதிரிகளைப் பார்த்து ஹாலேயில் தமிழ் அச்செழுத்துகள் வார்க்கப்பட்டன. 1713 இல் அவை அட்லர் என்ற அச்சுத்தொழிலாளியுடன் கப்பலேறி வந்தன. தமிழ் தெரியாத கைகள் வார்த்த அவ்வெழுத்துகள் அளவிற் பெரியனவாயிருந்து காகிதத்தை விழுங்கவே, தரங்கம்பாடியிலேயே சிறியவை வார்க்கப்பட்டன; 1715 இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. மலையப்பன் என்ற தமிழ் இளைஞரோடு ஐரோப்பா சென்றிருந்த சீகன்பால்க், இலத்தீன் மொழியில் எழுதிய தமிழ் இலக்கணத்தை 1716 இல் ஹாலேயில் அச்சேற்றினார். ஹாலே வீதிகளில் அக்காலத்திலேயே நடந்த தமிழர் என்று நாம் பெயர் சுட்டக்கூடியவர்களில் மலையப்பன் ஒருவர்.

தமிழர்கள் தமது சமயம், வாழ்க்கை, மருத்துவம், வழக்கங்கள் குறித்த வினாக்களுக்கு எழுதிய 99 கடிதங்கள் ஜேர்மன் மொழிபெயர்ப்பில் ஹாலேயின் அறிக்கைத் தொடரில் வெளியாயின. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாதாரணத் தமிழரின் எண்ணங்களை ஐரோப்பிய வீடுகள் வாசித்தன என்றால் அதற்குப் பிராங்கேயின் அச்சகமே காரணம். ஆனால் சீகன்பால்க் தென்னிந்தியத் தெய்வங்களின் மரபை ஆராய்ந்து எழுதி 1713 இல் அனுப்பிய நூலை அதே பிராங்கே அச்சிட மறுத்துவிட்டார். புறச்சமயத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர்கள் அதை ஐரோப்பாவில் பரப்புவது தகாது என்பது அவர் கருத்து. 1867 இல் சென்னையில்தான் அந்நூல் அச்சுக் கண்டது. சைவர்களாகிய நம் வாசகர்களுக்கு இது உவப்பான செய்தியன்று. சீகன்பால்கிடம் இருந்த அறியும் ஆவல் அவரது ஆசானிடம் அந்த அளவுக்கு இருக்கவில்லை.

மீண்டும் நாற்பத்தெட்டு மணிநேரம்

ஹாலே பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியான் வொல்ஃப் என்ற மெய்யியலாளர் கணிதமும் தத்துவமும் கற்பித்து வந்தார். 1721 ஜூலையில் அவர் ஆற்றிய உரையொன்றில், கிறிஸ்தவ வெளிப்பாட்டை அறியாத சீனரும் பகுத்தறிவினால் உயர்ந்த ஒழுக்கத்தை அடைந்தனர் என்று கொன்பூசியஸைப் புகழ்ந்தார். பிராங்கேயும் அவரது சகாவான யோவாக்கிம் லாங்கேயும் இதில் பெரும் ஆபத்தைக் கண்டனர். முறைப்பாடுகள் மன்னரின் காதுக்கு எட்டின. படைவீரர்களைத் தவிர வேறெதிலும் அதிகம் அக்கறை கொள்ளாத மன்னர் முதலாம் பிரெடரிக் வில்லியம், 1723 நவம்பர் 8 இல் ஆணை பிறப்பித்தார். வொல்ஃப் நாற்பத்தெட்டு மணிநேரத்துக்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும், தவறினால் தூக்கு.

முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், அதே மணிக்கணக்கில் எர்பூர்ட்டை விட்டு மூட்டை கட்டியவர் பிராங்கே. அந்த நாள் அவருக்கு நினைவுக்கு வந்திருக்குமா? வந்திருந்தால் தடுத்திருப்பார் என்று எண்ண ஆசையாக இருக்கிறது. ஆனால் வொல்ஃபின் வெளியேற்றத்தை அவர் தமது மன்றாட்டுக்கு இறைவன் அளித்த விடையாகவே கொண்டார். துரத்தப்பட்டவர் துரத்துவோரின் பக்கம் நின்றுவிட்டார். நித்தியத்தைத் தெளிவாகக் கண்டதாகக் கருதும் கண்களுக்கு எதிரில் நிற்கும் மனிதன் மங்கிப்போகும் ஆபத்து உண்டு. அநாதைச் சிறுவனில் அழியாத உயிரைக் கண்டவர், முரண்பட்ட அறிஞரில் அதைக் காணத் தவறினார். வொல்ஃபோ மார்பேர்க் பல்கலைக்கழகத்தில் வரவேற்கப்பட்டார். 1740 இல் புதிய மன்னரின் அழைப்பில் ஹாலேக்கே சிறப்போடு திரும்பினார். அப்போது பிராங்கே உயிரோடில்லை.

இச்சம்பவத்தை விட்டுவிட்டு எழுதினால் கட்டுரை அழகாக இருக்கும். ஆனால் புலம்பெயர் சமூகமாகிய நாமே, நேற்றுத் துரத்தப்பட்டவர்கள் இன்று தம்மோடு முரண்படுவோரைத் துரத்துவதைப் பார்த்திராதவர்கள் அல்லர். ஆகையால் விடவில்லை.

கடைசிக் காலம்

1726-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பிராங்கேயைப் பாரிசவாதம் தாக்கியது. ஓரளவு தேறி 1727 மே மாதத்தில் தமது கடைசி விரிவுரையை நிகழ்த்தினார். அதன் பின் ஒருமுறை அநாதை இல்லத்துத் தோட்டத்துக்குத் தம்மைக் கொண்டுசெல்லுமாறு கேட்டு, அங்கே திறந்த வானத்தின் கீழ் நெடுநேரம் மன்றாடினார். ஜூன் 8 இல் உயிர்துறந்தார். வயது அறுபத்து நான்கு. ஹாலேயின் நகரச் சேமக்காலையில் அவரது குடும்பக் கல்லறை இருக்கிறது. நித்தியத்தை நோக்கியே வாழ்ந்தவர், இறக்கும் ஆண்டிலும் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

படிப்பறைக்கு முன்னிருந்த இடத்தில் தொடங்கிய பள்ளியில், அவர் இறந்தபோது எல்லாப் பிரிவுகளிலுமாக 2,200 பேருக்கு மேற்பட்ட பிள்ளைகள் கற்றுக்கொண்டிருந்தனர். அநாதை இல்லத்தில் 100 சிறுவர்களும் 34 சிறுமிகளும் இருந்தனர். 255 பல்கலைக்கழக மாணவர்கள் இலவச உணவு மேசையில் உண்டனர். பணியை அவரது மகன் கொத்ஹில்ப் ஆகுஸ்ட் பிராங்கே தொடர்ந்தார்.

மகனின் காலத்தில் நடந்த ஒன்று அகதிகளாகிய நமக்கு நெருக்கமானது. 1731 இல் சால்ஸ்பேர்க் பேராயர், தமது நாட்டிலிருந்த புரட்டஸ்தாந்து சமயத்தவர்களை வெளியேற்ற ஆணையிட்டார். ஏறத்தாழ 20,000 பேர் புருசியாவின் கிழக்கே குடியேறினர். சிறு தொகையினர் கடல் கடந்து அமெரிக்காவின் ஜோர்ஜியாவுக்குச் சென்றனர். அவர்களோடு துணைபோகக் குருமார் தேவைப்பட்டபோது ஹாலேயின் அநாதை இல்லப் பள்ளியில் கற்பித்துக்கொண்டிருந்த பொல்சியுஸ், குரோனவ் என்ற இருவரும் கப்பலேறினர். அகதிகளின் மொழியில் அவர்களுக்காக எழுதவும் பேசவும் வாதாடவும் கூடியவர்களாக அவ்விருவரும் அங்கேயே வாழ்ந்து அங்கேயே மறைந்தனர்.

தமிழ்த் தொடர்பும் அறுந்துவிடவில்லை. தமிழகத்திலிருந்து திரும்பிய பெஞ்சமின் சூல்ட்சே ஹாலேயில் தமிழ் கற்பித்தார். அவரிடம் தமிழின் அரிச்சுவடி படித்த பிறீட்றிஷ் சுவார்ட்ஸ் 1750 இல் தமிழகத்துக்கு வந்து, பிற்காலத்தில் தஞ்சை அரசவையிலும் மதிப்புப் பெற்றார். தமிழ் அகராதியும் வேதாகம மொழிபெயர்ப்பும் தந்த பப்ரீஷியஸும் ஹாலேயில் பயின்றவரே.

இன்றைய ஹாலே

இரண்டாம் உலகப்போரின் பின், 1946 இல் பிராங்கேயின் நிறுவனங்கள் தமது தனித்தன்மையை இழந்தன. கிழக்கு ஜேர்மன் ஆட்சிக் காலத்தில் முகப்புக்கு அருகாகவே மேம்பாலம் எழுந்தது; கூரைகள் ஒழுகின, சுவர்கள் சரிந்தன. 1990 இன் பின்னரே நிறுவனம் மீண்டும் உயிர்பெற்று, கட்டடங்கள் ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டன. அநாதை இல்லத்தின் மேல்மாடியில் பதினெட்டாம் நூற்றாண்டின் அரும்பொருட்கூடம் மீளமைக்கப்பட்டிருக்கிறது. உலகின் பல திசைகளிலிருந்தும் வந்த பொருட்கள் வண்ணந்தீட்டிய அலுமாரிகளில் உள்ளன. ஆவணக்காப்பகத்தில் தரங்கம்பாடிக் கடிதங்களும் தமிழ் ஓலைச்சுவடிகளும் பேணப்படுகின்றன. ஆய்வாளர் மட்டுமன்றி, ஹாலேக்குப் போகும் நம்மவர் எவரும் ஒருமுறை அங்கே ஏறிப் பார்க்கலாம். நமது எழுத்தை இத்தனை ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வூரார் கூர்ந்து நோக்கியிருக்கிறார்கள் என்பது, அந்நிய அலுவலகங்களில் நம் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிக் களைத்த நமக்குச் சிறிது ஆறுதல் தரும்.

வளாகத்தில் இன்றும் பள்ளிகளும் பாலர் நிலையங்களும் பல்கலைக்கழகத்தின் சில பிரிவுகளும் இயங்குகின்றன. முற்றத்தின் மேற்புறத்தில் சிற்பி ரவுஹ் வடித்து 1829 இல் நிறுவப்பட்ட பிராங்கேயின் சிலை நிற்கிறது. இருமருங்கிலும் இரு பிள்ளைகள். இடைவேளை மணி அடித்ததும் வகுப்புகளிலிருந்து வெளியே பாயும் சிறுவர் சிறுமியர், அவர் தடைசெய்த விளையாட்டையெல்லாம் அவர் கண்ணெதிரிலேயே விளையாடுகிறார்கள். நாம் சென்றிருந்த நாளில் சிலையின் பீடத்தைச் சுற்றி ஒளித்துப் பிடித்து நடந்துகொண்டிருந்தது.